அணை கேட்ட கட்சிகள்

முக்காலியிலிருந்து சைரந்திரிக்கு ஜீப்பில் போகும்போது ஓட்டுநர் சொன்னார்: "இங்கதான் சார் டேம் வரவேண்டியது. எங்கப்பா வேலை கெடைக்கும்னு காத்துக்கிட்டே இருந்தாரு." அமைதிப் பள்ளத்தாக்கு காப்பாற்றப்பட்ட கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். அதில் அந்த அப்பா வந்ததில்லை. எந்தக் கட்சி அவர் பக்கம் நின்றது, எது காட்டின் பக்கம் நின்றது என்று ஊர் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன்.

குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது கேரள மின்வாரியத்தின் திட்டம். 1973இல் திட்டக் கமிஷன் ஒப்புதல் தந்தது. சுமார் 830 ஹெக்டேர் மூழ்கும். மலபாரில் மின்சாரமும் போதவில்லை, தொழிலும் இல்லை. அதனால் மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்ட காங்கிரஸும் மார்க்சிஸ்டும் அணை விஷயத்தில் ஒரே பக்கம். ஆட்சி கைமாறியும் கோரிக்கை மாறவில்லை.

எதிர்ப்பு கட்சிகளுக்கு வெளியே இருந்துதான் கிளம்பியது. சாலிம் அலி போன்ற அறிஞர்கள், சுகதகுமாரி போன்ற கவிஞர்கள், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். பரிஷத்தில் இடதுசாரிகள் நிறைய. தங்கள் கட்சியே கேட்கும் அணையை எதிர்ப்பது லேசான காரியமா? அவர்கள் மரத்தின் அழகை மட்டும் பேசவில்லை. இந்த அணை இல்லாமலே மலபாரின் மின்தேவையைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

டெல்லியில் கதை வேறு. ஜனதா பிரதமர் மொரார்ஜி தேசாய் எதிர்ப்புகளை ஏற்காமல் திட்டம் நடக்கட்டும் என்றார். 1980இல் இந்திரா திரும்பி வந்தார். 1972இல் ஸ்டாக்ஹோமில் சுற்றுச்சூழல் பற்றிப் பேசியவர் அவர். காட்டைக் காப்பது அரசின் கடமை என்னும் 48அ பிரிவு அரசியல் சாசனத்தில் நுழைந்ததும் 1976இல், அவருடைய நெருக்கடி நிலைக் காலத்தில்தான். பேச்சுரிமையைப் பறித்த கைதான் இதையும் எழுதியது. எனக்கு இது இன்றும் நெருடுகிறது. எம்.ஜி.கே. மேனன் குழு ஆராய்ந்தபின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தபோது இந்திரா உயிரோடு இல்லை. 1985இல் ராஜீவ் அதைத் திறந்துவைத்தார்.

ஆக, டெல்லி காங்கிரஸ் அணையை நிறுத்தியது. கேரள காங்கிரஸார் அதே அணையைக் கேட்டவர்கள். கொள்கை ஒன்றுதான், வாக்காளரிடமிருந்து இருக்கும் தூரம்தான் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. 2013இல் மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கைகளுக்கு எதிராக இடுக்கி கொந்தளித்தபோது இரு முன்னணிகளும் மறுபடி ஒரே பக்கம் நின்றன. காட்கில் அறிக்கையை ஆதரித்த காங்கிரஸ் எம்.பி. பி.டி. தாமஸுக்கு 2014இல் அங்கே சீட்டு கிடைக்கவில்லை.

காட்டைக் காத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அணை வந்திருந்தால் அந்தக் காடு திரும்பாது. ஆனால் அணை வேண்டாம் என்று முடிவானபின், காத்திருந்தவர்களுக்கு என்ன வழி என்று கேட்பதும் சுற்றுச்சூழல் கொள்கைதான். கட்சிகள் தவறவிட்டது அதைத்தான்.

இறங்கும்போது ஓட்டுநரிடம் கேட்டேன், அப்பாவுக்குப் பிறகு வேலை கிடைத்ததா என்று.

"இல்ல சார். கூலிக்குப் போயே காலம் போயிருச்சு."