குளிசையும் குடியும்: மட்டக்களப்பு வாவிக்கரைக் குடும்பங்களில் ஏ.டி.எச்.டி. மருந்து

அரபுக் குடும்பங்கள் பிள்ளைகளின் கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறான ஏ.டி.எச்.டி.க்குரிய மருந்துக்குத் தயங்குவதற்கு மார்க்கமும் குடும்ப மானமுமே காரணங்களாகச் சொல்லப்படுவது வழக்கம். மட்டக்களப்பின் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முஸ்லிம்களைப் பற்றிப் பேசுவோரும் அதே விளக்கத்தை அப்படியே எடுத்தாள்கிறார்கள். மார்க்கம் ஒன்றாயிருப்பதால் தயக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அவர்களின் எண்ணம். வாவிக்கரையில் இது பொருந்தாது. இங்கே மருந்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது வீட்டின் அமைப்பு என்பதே என் வாதம்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள தாய்வழிக் குடிமுறையை மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மகளுக்கு வீடு சீதனமாகிறது. மாப்பிள்ளை அங்கே குடிவருகிறார். சகோதரிகள் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறார்கள். பிள்ளை வளர்வது தாயின் தாயான உம்மம்மாவின் கண் முன்னால். அரபுச் சமூகங்களில் வம்சம் தந்தைவழி. இங்கே குடி என்னும் குலம் தாயோடு வருகிறது. ஆகவே ‘விசர் கிளினிக்குக்குப் போற பிள்ளை’ என்ற பேச்சு எழுந்தால் அது தாயின் குடியைத்தான் முதலில் சுடும். தங்கைக்கும் பெரியம்மா மகளுக்கும் நாளை மாப்பிள்ளை பேச வருவோர் அதை விசாரிப்பார்கள். குளிசைப் பெட்டியை அலுமாரியில் மறைக்கும் உம்மாவை அறியாதவள் என்று எழுதுவது அநியாயம். அவள் பலருடைய எதிர்காலத்தைக் கணக்குப் பார்க்கிறாள்.

மார்க்கம் இதில் பெரிய தடையன்று. நோய்க்கு மருந்து தேடுவதை இஸ்லாம் ஊக்குவிக்கிறது. ஓதிய தண்ணீரும் இஸ்மு என்னும் தாயத்தும் வைத்தியசாலைக் கொப்பியும் ஒரே வீட்டில் சச்சரவின்றி இருக்கின்றன. அயலிலுள்ள தமிழ் வீடுகளிலும் இதே நிலைதான். போர்க்காலத்தில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரிடம் மக்கள் ஆறுதல் தேடியதைப் மானிடவியலாளர் பற்றிஷியா லோரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். நாவூறு கழிப்பதும் நூல் கட்டுவதும் இன்றும் உண்டு. ‘வளர வளரச் சரியாகும், குழப்படிதானே’ என்ற பேச்சு இரு பக்கத்திலும் கேட்கும். மதம் வேறு, தயக்கம் ஒன்று. இருவருக்கும் பொதுவானது தாய்வழி வீடு.

அந்த வீட்டுக்குள் மருந்து எப்படித் தோற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காலையில் ஏ.டி.எச்.டி. மருந்தான மெத்தில்பெனிடேட் குடித்த பிள்ளைக்கு மத்தியானம் பசி மந்தமாகலாம். பாடசாலையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி சோறும் மீன்பொரியலுமாக அப்படியே திரும்பி வருகிறது. அதைத் திறந்து பார்ப்பவர் உம்மம்மா. ஆசிரியர் ‘இப்ப கவனமா இருக்கிறான்’ என்று சொல்லும் செய்தி அவரை எட்டுவதில்லை. மிஞ்சிய சோறு எட்டுகிறது. ‘பிள்ளை மெலிஞ்சு போறான்’ என்ற அவருடைய தீர்ப்போடு குளிசை நிற்கிறது. மருந்துக்கு முன் வயிறாரக் காலைச்சாப்பாடு, பசி திரும்பும் மாலையில் இன்னொரு நேரம், கிளினிக்கில் தவறாமல் நிறையும் உயரமும் பார்ப்பது: இவ்வளவையும் யாராவது அவரிடம் நேராகச் சொல்லியிருந்தால் முடிவு வேறாகியிருக்கக்கூடும்.

ரமழான் காலம் தனியாகப் பேசத்தக்கது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை. பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை, ஆனாலும் பிடிக்க ஆசைப்படுவார்கள். பகலில் இரண்டாம் வேளை கொடுக்க வேண்டிய குறுகியகால மருந்து நோன்போடு ஒத்துவராது. வைத்தியர் முன்கூட்டியே பேசாவிட்டால் குடும்பம் தானாகவே மருந்தை நிறுத்திவிடும். பேசினால் நீண்டநேரம் வேலைசெய்யும் வகைக்கு மாற்றலாம், அல்லது கண்காணிப்போடு இடைவெளிவிட்டு மருந்தோடும் மருந்தின்றியும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று குடும்பமே ஒப்பிட விடலாம்.

குடும்பங்களின் எச்சரிக்கை முழுவதும் தவறு என்று நான் கருதவில்லை. அமெரிக்காவில் 579 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வு, 14 மாத முடிவில், கவனமாக நிர்வகிக்கப்பட்ட மருந்து முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைச் சிகிச்சையைவிட மேலானது எனக் கண்டது. ஆயினும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெத்தில்பெனிடேட்டைச் சேர்க்கும் விண்ணப்பத்தை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2019இலும் 2021இலும் ஏற்கவில்லை. இந்த மண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட ஊர்களில் அமைதியின்மை இழப்பின் அடையாளமாகவும் இருக்கும். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை விளையாட்டும் கலையுமாக ஒன்றுசேர்த்தது இதை உணர்ந்துதான். நித்திரை, செவித்திறன், வீட்டுத் துயரம் ஆகியவற்றை விசாரிக்காமல் குளிசை எழுதுவதை எந்தக் குடும்பத்துக்கும் மறுக்க உரிமையுண்டு. முறையாகப் பார்த்து நோயென உறுதிசெய்த பின்னும் அயலவர் வாய்க்கு அஞ்சி மறுத்தால் அந்த இழப்பைச் சுமப்பது பிள்ளைதான்.

உம்மா மத்திய கிழக்கில் வேலைக்குப் போன வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றுகிறது. அரபு வீட்டுப் பிள்ளையைப் பராமரிப்பவளின் சொந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது உம்மம்மாவும் சாச்சியும். பெற்றோரிடம் மட்டுமே வினாக்கொத்தை நீட்டும் ஆய்வு இவர்களைத் தவறவிடுகிறது. வாவிக்கரையில் இனி நடக்கும் எந்த ஆய்வும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: காலையில் குளிசையை எடுத்துக் கொடுப்பவர் யார், அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது.