பேஸ்பாலின் பழிக்கணக்கு

1965 ஆகஸ்ட் 22 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் ஜயன்ட்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியும் மோதின. ஜயன்ட்ஸின் பந்தெறிவாளர் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஹுவான் மரிச்சால். அவர் தொடக்கத்திலேயே மாரி வில்ஸ், ரான் ஃபேர்லி என்னும் இருவரை உடலை ஒட்டி வந்த பந்துகளால் நிலைகுலையச் செய்தார். டாட்ஜர்ஸின் சாண்டி கோஃபாக்ஸ் பதிலுக்கு வில்லி மேஸின் தலைக்கு மேலே ஒரு பந்தை எறிந்தார். நடுவர் இரு அணிகளையும் எச்சரித்தார். மரபுப்படி கணக்கு அத்துடன் நேராகியிருக்க வேண்டும்.

கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு இம்மரபு சற்று விளங்காதது. பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு எழுவதில்லை. ஏறத்தாழ 18 மீட்டர் தொலைவிலிருந்து நேரே வருகிறது. மட்டையாளர் மேல் பட்டால் அவருக்கு முதல் பேஸ் கிடைக்கும். சட்டம் தரும் ஈடு அவ்வளவே. எஞ்சியதை எழுதப்படாத விதி பார்த்துக்கொள்ளும்: எம் ஆள் அடிபட்டால் உம் ஆள் அடிபடுவார். தலையைக் குறிவைக்கும் பந்துக்கு ‘பீன்பால்’ என்றும், முகத்தை உரசிச் செல்லும் பந்துக்குத் ‘தாடை இசை’ என்றும் பெயரிட்ட கொச்சைமொழி, இக்கொடுமையை விளையாட்டாகவே ஒலிக்கச் செய்தது.

மூன்றாம் இன்னிங்ஸில் மரிச்சாலே மட்டை பிடிக்க வந்தார். அக்காலத்தில் பந்தெறிவாளரும் மட்டை பிடித்தாக வேண்டும். கோஃபாக்ஸ் அவரைக் குறிவைக்கவில்லை. மாறாக, கேட்சர் ஜான் ரோஸ்பரோ பந்தைக் கோஃபாக்ஸுக்குத் திருப்பி எறிகையில் மரிச்சாலின் காதை ஒட்டிச் செல்லுமாறு எறிந்தார். அது திட்டமிட்ட செயலே என்று பின்னாளில் தம் நூலில் அவரே ஒப்புக்கொண்டார். மரிச்சால் திரும்பி, கையிலிருந்த மட்டையாலேயே ரோஸ்பரோவின் தலையில் அடித்தார். 14 தையல்கள். குருதி வழிந்த ரோஸ்பரோவை அணைத்து அழைத்துச் சென்றவர், எதிரணியின் வில்லி மேஸ். மரிச்சாலுக்கு 1,750 டாலர் அபராதமும் எட்டு ஆட்டநாள் தடையும் விதிக்கப்பட்டன. செய்கைக்கு இது மிகக் குறைவு.

அந்த ஆகஸ்டில்தான் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது. டொமினிக்கன் குடியரசு உள்நாட்டுப் போரில் இருந்தது. கறுப்பினத்தவரான ரோஸ்பரோவும் மரிச்சாலும் அச்சுமைகளோடுதான் களமிறங்கியிருந்தனர். பின்னர் இருவரும் நண்பராயினர். 1983இல் மரிச்சால் புகழ்மண்டபத்துக்குத் தேர்வாவதற்கு ரோஸ்பரோவின் ஆதரவும் துணைநின்றது. 2002இல் ரோஸ்பரோவின் இறுதிச்சடங்கில் மரிச்சால் உரையாற்றினார்.

பழிக்குப் பழி என்ற அச்சமே ஆட்டக்காரர்களைக் காக்கிறது என்பது இம்மரபை ஆதரிப்போரின் வாதம். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கில் கார்ல் மேஸ் எறிந்த பந்து கிளீவ்லாந்தின் ரே சாப்மனின் தலையைத் தாக்கியது. மறுநாள் அவர் இறந்தார். அதன்பின் அழுக்கேறிய பந்துகளை உடனுக்குடன் மாற்றுமாறு நடுவர்கள் பணிக்கப்பட்டனர். மட்டையாளருக்குப் பந்து கண்ணில் படுவதே முதற்காப்பு. தலைக்கவசமோ மிகத் தாமதமாக வந்தது. 1967இல் டோனி கொனிக்லியாரோவின் கன்னத்தைப் பந்து உடைத்துப் பார்வையைப் பாதித்தபோது, அவரது கவசத்துக்குக் காதுமூடி இல்லை. புதிய ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கவசம் 1971இலும் காதுமூடி 1983இலும்தான் கட்டாயமாயின. பழையவர்களுக்கு விலக்கு உண்டு. பாப் மான்ட்கோமரி 1979 வரை தலைக்கவசமின்றியே ஆடினார்!

மரிச்சால் ஆடிய காலத்தில் எறிந்தவரே மட்டையோடு வந்து நிற்க நேர்ந்தது. பந்தெறிவாளருக்கு மாற்றாக வேறொருவர் மட்டை பிடிக்கும் முறையை அமெரிக்கன் லீக் 1973இல் ஏற்றது. நேஷனல் லீக் 2022இல் நிலையாக ஏற்றது. ஷோஹெய் ஓடானி போன்ற அரிய விதிவிலக்கு தவிர, இன்று எறிபவர் மட்டை பிடிப்பதே இல்லை. ஆயினும் பழிக்கணக்கு நின்றபாடில்லை. அவருக்குரிய அடியை, அப்பந்தை எறியாத ஒரு சக ஆட்டக்காரர் முதுகிலோ விலாவிலோ வாங்கிக்கொள்கிறார்.