ஹெரால்டுக்கு நாலு கதவு வெச்சது யாரு?

போன எபிசோடுல அம்பாசடர் பத்திப் பேசினோம். இந்த வாரம் அதே காலத்துல ஓடின ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இதை நாம கோத்தகிரியில உட்கார்ந்து பதிவு பண்றோம். ஏன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

1960கள்ல இந்தியாவுல புது கார் வாங்கணும்னா சாய்ஸ் மூணுதான். உத்தர்பாராவுல இருந்து அம்பாசடர், பம்பாய்ல இருந்து ஃபியட், நம்ம சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கத்துல இருந்து ஹெரால்டு. மூணுல எது அழகுன்னு கார் பிரியர்கள் இன்னிக்கும் சண்டை போடுவாங்க. என் ஓட்டு ஹெரால்டுக்கு. சோப்புக்கட்டி மாதிரி உருண்டையா இருந்த அம்பாசடர் பக்கத்துல, கத்தியால சீவின மாதிரி கோடு, பின்னால குட்டி வால்சிறகு.

வரைஞ்சவர் இத்தாலியில டூரின் நகரத்துக்காரர், ஜொவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்துல டிரையம்ப் ஹெரால்டா 1959ல வந்துச்சு. இங்கே 1961ல. பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டா முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம்.

மலைக்கு வருவோம். இந்தக் காரோட திரும்பு வட்டம் 25 அடி, அதாவது லண்டன் டாக்சிக்குச் சமம். மேட்டுப்பாளையத்துல இருந்து குஞ்சப்பனை வழியா கோத்தகிரிக்கு ஏறுறவங்களுக்கு இது என்னன்னு சொல்லவே வேணாம். கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்கை ஒடிச்சா அப்படியே சுத்திடும்.

ஆனா அதே மலையில தலைவலியும் இருந்துச்சு. பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஊசலாடுற ஸ்விங் ஆக்சில். பின் சீட்ல மூணு பேர், டிக்கியில ரெண்டு மூட்டைன்னு வெச்சா சக்கரம் காலை அகட்டி நிக்கும், டயர் ஒருபக்கமா தேயும். இறக்கத்துல வேகமா வளைஞ்சு, திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஓட்டினவங்களுக்கும் பிடிக்கல, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கல.

இன்னொண்ணு, கதவு. மிக்கெலோட்டி வரைஞ்ச காருக்கு ரெண்டே கதவு. நம்ம ஊர்ல கார்னா குடும்பம் மொத்தமும் ஏறும். முன் சீட்டை மடிச்சு, பாட்டியைக் குனிய வெச்சு பின்னால ஏத்துறது நடக்கிற காரியமா? அதனால 60கள் கடைசியில சென்னைக்காரங்களே நாலு கதவு ஹெரால்டு ஒண்ணு தயார் பண்ணாங்க. இங்கிலாந்துல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. பாடிக்கு அடியில தனி சேஸிஸ் இருந்ததால அது சுலபமாச்சு. பாடியே பாரம் தாங்குற வண்டியில கதவுக்காக ஓட்டை போட்டா மொத்த பலமும் போயிடும். 1972ல வந்த கெசல் அடுத்த படி. அதே 948 சிசி இன்ஜின், ஆனா ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிட்டு, ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற உறுதியான ஆக்சில். முகமும் மாறிச்சு. 1977 வரைக்கும் வந்துச்சு.

கெசலைப் பார்த்தா பிரியர்கள் முகம் சுளிப்பாங்க. "மிக்கெலோட்டியோட கோட்டைக் கெடுத்துட்டாங்க." அழகுன்னு மட்டும் பார்த்தா, ஆமா, ரெண்டு கதவு வண்டிதான் ஜெயிக்கும். அதுக்காக கெசலை டிசைன் இல்லைன்னு தள்ளிட முடியுமா? கதவு யாருக்கு வேணும், ஆக்சில் எந்த ரோட்டுக்கு வேணும்னு யோசிச்சு வரைஞ்சதும் டிசைன்தானே. டூரின்காரர் பேர் எல்லா புத்தகத்துலயும் இருக்கு. வண்டலூர் டிராயிங் போர்டுல குனிஞ்சவங்க பேரை யாரும் சொல்றதில்ல.

இதுக்கு நேர் எதிர் கதை, அதே கம்பெனியோட ஸ்டாண்டர்ட் 2000. 1985ல வந்துச்சு. மூலம் ரோவர் எஸ்டி1, வரைஞ்சவர் டேவிட் பாச், ஃபெராரி டேடோனாவோட சாயல், 1977ல ஐரோப்பாவோட சிறந்த கார் விருது. அந்த உடம்புக்குள்ள இங்கே வெச்சது பழைய ரெண்டு லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின். நம்ம ரோட்டுக்காக உயரத்தையும் ஏத்தினாங்க. விலை அதிகம், இழுவை குறைவு, பெட்ரோலும் குடிச்சது. 1988ல உற்பத்தி நின்னுடுச்சு. அந்த காரோட போஸ்டரை இன்னிக்கும் ரசிக்கலாம். கோத்தகிரி ஏத்தத்துக்கு நான் கெசலைத்தான் எடுப்பேன்.

உங்க வீட்ல தாத்தா, பெரியப்பா யாராவது அந்த ஆலையில வேலை பார்த்திருந்தா எங்களுக்கு எழுதுங்க. குறிப்பா டிராயிங் ஆபீஸ்ல இருந்தவங்க. அடுத்த வாரம் ஃபியட்.