கூத்தும் கூட்டு நினைவும்: ஈழத்துத் தமிழரின் தன்னறிவு பற்றிய வரலாற்று நோக்கு

1

ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தை நினைவிற் கொள்ளும் முறைக்கும் அது தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. எழுத்தறிவு சிறுபான்மையினரின் உடைமையாக இருந்த சமுதாயங்களிலே, பெரும்பான்மை மக்கள் தமது கடந்த காலத்தைக் கண்டதும் கேட்டதும் ஏட்டிலன்று, ஆட்டக் களரியிலேயாகும். ஆதலின் நாடக வரலாற்றைக் கலை வடிவங்களின் வரலாறாக மட்டும் எழுதுதல் போதாது. எவை நினைவிற் கொள்ளப்பட்டன, எவை மறக்கப்பட்டன, அத்தெரிவைச் செய்தோர் யாவர் என்ற வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளரான மோரிஸ் அல்ப்வாக்ஸ், 1925இல் வெளியான தமது நூலில், மனிதர் தனித்து நின்று நினைவுகூர்வதில்லை என்றும், குடும்பம், சமயம், வர்க்கம் ஆகிய சமூகச் சட்டகங்களுக்குள் நின்றே நினைவுகூர்கின்றனர் என்றும் நிறுவ முயன்றார். அக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயின் அச்சட்டகத்தை அமைப்போர் யாவர் என்ற வினாவுக்கு, உற்பத்தி உறவுகளையும் அதிகார உறவுகளையும் நோக்காது விடை காணவியலாது.

பண்டைய கிரேக்கம் இதற்குத் தெளிவான சான்று தருகின்றது. மிலேட்டஸ் நகரம் கி.மு. 494இல் பாரசீகரிடம் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியைப் பிரினிக்கஸ் என்னும் நாடகாசிரியர் ஏதென்சில் மேடையேற்றியபோது அவையோர் கண்ணீர் வடித்தனர். தமது சொந்தத் துயரை நினைவூட்டினார் என்பதற்காக அவருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதிக்கப்பட்டதென்றும், அந்நாடகத்தை எவரும் மீண்டும் ஆடலாகாதெனத் தடை செய்யப்பட்டதென்றும் ஹெரொடோட்டஸ் கூறுவர். பின்னர் கி.மு. 472இல் எஸ்கிலசின் 'பாரசீகர்' பரிசு பெற்றது. அது பகைவர் தோல்வியைப் பகைவர் அரண்மனையின் புலம்பலாகக் காட்டியது. ஒரே போர்க்காலம்; ஆயின் ஒரு நினைவு தண்டிக்கப்பட்டது, மற்றொன்று போற்றப்பட்டது. அரங்கு நினைவுகளின் களஞ்சியம் மட்டுமன்று. எந்த நினைவு பொதுவினதாகலாம் என்பது தீர்மானிக்கப்படும் களமுமாகும்.

எஸ்கிலசையும் ஏதென்சையும் இணைத்து 1941இல் நூல் எழுதிய ஜோர்ஜ் தொம்சனிடமே பேர்மிங்ஹாமில் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஆய்வு செய்தனர். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைச் சமூக அடித்தளத்தோடு வைத்து ஆராயும் நெறி ஈழத்துத் தமிழியலில் வேரூன்றியது அவ்வழியிலேயாகும். அந்நெறியை அண்மைக் காலத்துக்குப் பிரயோகித்து, 1956ஆம் ஆண்டின் பின் ஈழத்துத் தமிழர் கூத்தினூடாகத் தம்மை எவ்வாறு கண்டனர் என்பதை நோக்குவதே எமது முயற்சியாகும்.

2

ஈழத்துக் கூத்து மரபு ஒருதன்மைத்தன்று. மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும், மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் வழங்கும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளும் வாசாப்புகளும், முல்லைத்தீவின் கோவலன் கூத்தும், வடபுலத்துக் காத்தவராயன் கூத்தும், மலையகத் தோட்டங்களின் காமன் கூத்தும் வெவ்வேறு மக்கட் கூட்டத்தினரின் வாழ்வோடு பிணைந்தவை.

மட்டக்களப்புக் கிராமங்களிலே ஒரு கூத்து அரங்கேறுவது ஊரின் பல மாத உழைப்பின் பயனாகும். சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம், பின்னர் வீட்டுக்கு வீடு ஆடுதல் எனப் பல படிகள் உண்டு. வட்டக் களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, சல்லாரியும் பிற்பாட்டும் துணை செய்ய, விடியும்வரை ஆட்டம் நிகழும். வயலிலும் வாவியிலும் உழைப்போரே இரவில் அருச்சுனனாகவும் கர்ணனாகவும் நின்றனர். பாரதக் கதை அவர்களுக்குப் படித்தறிந்த காவியமன்று. உடலால் அறிந்த நினைவாகும்.

எனினும் இக்கூட்டுறவை அளவிறந்து இலட்சியப்படுத்துதல் தவறு. ஊரின் சமூக ஒழுங்கு கூத்தின் ஒழுங்குமாயிருந்தது. அரச வேடம் பெரும்பாலும் செல்வாக்குடையோர் வீட்டுப் பிள்ளைகளை நாடிச் சென்றது. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். பறைமேளக் கூத்து அதனை ஆடும் சாதியினரின் தொழிற் கடமையோடு பிணைக்கப்பட்டு, வடமோடி, தென்மோடிக் களரிகளுக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டது. கூத்து, ஊர் முழுவதன் நினைவாக இருந்த அதே வேளையில், அவரவர் நிற்கவேண்டிய இடத்தை நினைவூட்டும் கருவியாகவும் இருந்தது. இவ்விரு தன்மைகளையும் ஒருங்கே நோக்காத ஆய்வு முழுமையுறாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலங் கற்ற நகர்ப்புற மத்தியதர வர்க்கம் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கெனவே கருதியது. கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் வளர்த்த மேடை நாடகம் பம்மல் சம்பந்த முதலியாரையும் ஷேக்ஸ்பியரையும் நோக்கியதேயன்றி வட்டக் களரியை நோக்கவில்லை.

3

இம்மனப்பாங்கு மாறியமைக்கு 1956ஆம் ஆண்டு திருப்புமுனையாகும். அவ்வாண்டிலே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி, எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. சிங்களத் தேசிய நாடகம் தன் வடிவத்தைக் கண்டடைந்த நாளாக அது கொண்டாடப்படலாயிற்று. அவ்வடிவமோ நாடகம என்னும் கரையோர ஆட்ட மரபிலிருந்து பெறப்பட்டது. நாடகம, தமிழ் நாட்டுக்கூத்து வழி வந்தது. கத்தோலிக்க மக்களினூடே கரையோரச் சிங்களருட் பரவியது. சிங்களக் கிராமிய நாடகங்களை ஆராய்ந்த சரச்சந்திர இவ்வுறவை மறைக்கவில்லை. தம் ஆய்வு நூலிலே வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். ஆய்வேடு நினைவிற் கொண்டதைப் பொதுமக்கள் நினைவு கைவிட்டது. தமிழ் மொழியின் உரிமை சட்டத்தால் மறுக்கப்பட்ட ஆண்டிலேயே, தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவமொன்று சிங்களத் தேசியத்தின் சின்னமாயிற்று.

அதே பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தின்பால் திரும்பினார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்ற அவர், கிராமங்களுக்குச் சென்று அண்ணாவிமாரைக் கண்டார். 'அலங்காரரூபன்', 'மூவிராசாக்கள்' முதலிய கூத்துகளைப் பதிப்பித்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோரின் ஆட்டப் பயிற்சியைப் பல்கலைக்கழக மாணவர் பெறலாயினர். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1967) ஆகியன மேடையேறின. விடிய விடிய ஆடப்பட்டது ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று. எந்நேரமும் எழுந்து சென்று திரும்பிவரும் ஊரவர்க்குப் பதிலாக, அமைதியாக அமர்ந்திருக்கும் நகரத்து அவையோர் வந்தனர்.

இம்முயற்சியின் முற்போக்கான பங்கை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. இழிவாகக் கருதப்பட்ட கலைக்கும் அதனைக் காத்த உழைப்பாளருக்கும் கற்றோர் அவையில் மதிப்புத் தேடித் தந்தது அது. ஆயின் கூத்து எவ்வடிவில் மதிக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. களரியிலிருந்து மேடைக்கு வந்தவை ஆட்டமும் தாளக்கட்டும் பாட்டுமே. அவற்றை ஈன்ற உழைப்புறவும் சாதியுறவும் வாயிலிலேயே நின்றுவிட்டன. பிறப்பின் பெயரால் இழிக்கப்பட்ட வீரனின் கதையாகிய 'கர்ணன் போர்', பிறப்பின் பெயரால் மனிதர் இழிக்கப்படும் சமுதாயத்திலே தமிழர் பொதுக்கலையாகக் கைதட்டல் பெற்றது. அம்முரண் அன்று எவரையும் உறுத்தியதாகத் தோன்றவில்லை. குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இழந்த தோட்டத் தொழிலாளரின் காமன் கூத்தும் அத்தேசிய மேடையில் இடம்பெறவில்லை. 'தமிழர்' என்ற பொதுப்பெயர் விரிந்த அளவுக்கு அதன் உள்ளடக்கம் விரியவில்லை.

4

பேராதனையில் உருவான இரு நாடகங்களை ஒருசேர நோக்குதல் பயனுடைத்து. சரச்சந்திரவின் 'சிங்கபாகு' 1961இலும் வித்தியானந்தனின் 'இராவணேசன்' 1964இலும் மேடையேறின. ஒன்று சிங்கள இனத்தின் தோற்றம் பற்றிய ஐதிகத்தையும், மற்றொன்று இலங்கை வேந்தனின் வீழ்ச்சியையும் பொருளாகக் கொண்டது. இரண்டும் உறவுடைய ஆட்ட மரபுகளைப் பயன்படுத்தின. இரண்டும் துன்பியலாகவே அமைந்தன.

'சிங்கபாகு'வின் ஆற்றல் இனப்பெருமையில் தங்கியிருக்கவில்லை. தந்தையாகிய சிங்கத்தைக் கொல்லும் மகனின் கதையை, தலைமுறைகளுக்கிடையிலான தீராத மோதலாகச் சரச்சந்திர கண்டார். இனத்தின் தொடக்கத்திலே வெற்றியன்று, தந்தைக் கொலையே நிற்கின்றது என்ற கசப்பான உண்மையை அந்நாடகம் அவையோர்முன் வைத்தது.

'இராவணேசன்' சி. மௌனகுருவின் எழுத்தில் உருவாகி, அவரே இராவணனாகத் தோன்றிய நாடகமாகும். இராவணனை எதிர்மறைப் பாத்திரமாக அன்றித் துன்பியல் நாயகனாகக் காணும் நோக்குத் தமிழகத்தில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்தது, எம். ஆர். இராதா 1950களிலே இராமாயணத்தைத் தலைகீழாக்கி மேடையேற்றினார். ஆயின் ஈழத்து நாடகம் பிரசாரத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை. தன் வீரத்தையும் தன் செருக்கையும் பிரித்தறியமாட்டாத தலைவன், தன்னைச் சூழ்ந்தோர் அனைவரையும் அழிவுக்கு இட்டுச் செல்வதை அது காட்டியது. மண்டோதரியின் எச்சரிக்கை கேட்கப்படாமற் போவதிலேயே அதன் துன்பியல் தங்கியுள்ளது.

அவ்விரு நாடகங்களும் தத்தம் சமுதாயத்துக்கு முகத்துதி கூறவில்லை. அவற்றை நினைவுகூர்ந்த விதமோ வேறு. இனமுரண் கூர்மையடைந்த ஆண்டுகளிலே வினா மறக்கப்பட்டது. வீரம் மட்டும் எஞ்சியது. ஐதிகப் பாத்திரம் எவருக்கும் நிலையான உடைமையன்று என்பதற்கு இராவணனே சான்று. தமிழர் தம் மன்னன் எனப் பாடிய அவனை, இந்நூற்றாண்டிலே சிங்களத் தேசியவாதிகள் தம் மூதாதை என உரிமை கோருகின்றனர். இலங்கைப் பொறியியலாளர் அமைத்து 2019இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட சிறு செய்மதி 'இராவணா 1' எனப் பெயர் பெற்றது. நெருக்கடிக் காலங்களில் மனிதர் முன்னோரின் உடைகளை இரவல் வாங்கி அணிகின்றனர் என்னும் பொருள்பட மார்க்ஸ் 1852இல் எழுதியது ஈண்டு நினைவுக்கு வருகின்றது. இரவல் உடையை அணிவதிலே தவறில்லை. அதனைத் தன் தோலெனக் கருதுவதே தவறு.

5

மறக்கப்பட்டது என்றும் மறைந்தே கிடப்பதில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968ஆம் ஆண்டின் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் தமிழ்ச் சமுதாயத்தின் உள்முரண்பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. கூத்து மேடையின் வாயிலில் நின்றுவிட்ட சாதியுறவு இப்பொழுது மேடையின் நடுவிற்கே வந்தது.

மௌனகுருவின் 'சங்காரம்' (1969) வடமோடி ஆட்டத்தைக் கையாண்டு, சாதி, வர்க்கம் முதலியவற்றை அரக்கராக உருவகித்து, உழைக்கும் மக்கள் அவற்றைச் சங்கரிப்பதைக் காட்டியது. மன்னர் வரவுக்குரிய தாளக்கட்டிலே தொழிலாளி வந்தான். என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடினர். ஆலயத்தின் கதவு யாருக்காக மூடப்பட்டிருக்கின்றது என்ற வினாவை, கந்தனையே மேடைக்கு அழைத்து அந்நாடகம் கேட்டது. சாதி கடந்த காதலுக்காகக் கழுவேறும் காத்தவராயனின் கதைக்குரிய மெட்டுகள் அவ்வினாவுக்குப் பயன்பட்டமை தற்செயலானதன்று. அம்மெட்டுகளிலே மக்கள் ஏற்கெனவே ஒரு நியாயத்தைச் சேமித்து வைத்திருந்தனர். போராட்டம் அதனைத் தட்டி எழுப்பியது.

இந்நாடகங்களின் குறைபாடுகளையும் மறைத்தலாகாது. உருவகப் பாத்திரங்கள் சிலவிடத்து உயிர்ப்பின்றிச் சுலோகங்களாகின. எனினும் மரபைப் பேணுதலும் மரபை வினாவுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவை செயலால் மெய்ப்பித்தன.

6

1983ஆம் ஆண்டின் இன வன்செயலுக்குப் பின்னர் நினைவின் பொருள் மாறியது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. பிட்டுக்கு மண் சுமந்த இறைவனின் புராண நினைவை அதன் தலைப்பு உழைக்கும் மக்களின் உடல்மீது ஏற்றியது. பிரினிக்கசுக்கு மறுக்கப்பட்ட உரிமையை, அதாவது சொந்தத் துயரைச் சொந்த மக்கள்முன் ஆடும் உரிமையை, ஈழத்து அரங்கு அப்பொழுது எடுத்துக்கொண்டது. ஆயின் வெளியிலிருந்து வந்த கொடுமையை நினைவுகூர்வது எளிதாகவும், உள்ளே நிகழ்ந்த கொடுமையை நினைவுகூர்வது அரிதாகவும் இருந்தது. 2009இல் முடிவுற்ற போருக்குப் பின்னரும் அவ்வேறுபாடு முற்றாக நீங்கவில்லை.

இவ்வகையிலே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் தனிக் கவனத்துக்குரியது. கூத்தைக் களரியிலிருந்து பெயர்த்து எடுப்பதற்குப் பதிலாக, களரியிலேயே வைத்து, அதன் சாதிக் கருத்துகளும் பெண்கள் பற்றிய சித்திரிப்பும் ஆடுவோராலேயே விவாதிக்கப்பட்டன. வித்தியானந்தன் காலத்திலே பல்கலைக்கழகம் கிராமத்திடம் ஆட்டத்தைக் கற்றது. இங்கே கிராமம் தன் நினைவைத் தானே திருத்த முற்பட்டது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது ஒன்றுண்டு. பண்பாட்டு நினைவு முன்னோர் விட்டுச் சென்ற சொத்தன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் வர்க்க நிலைக்கேற்பச் செய்துகொள்ளும் தெரிவாகும். 1956இன் பின்னர் கூத்து தமிழருக்கு ஒரு முகத்தைத் தந்தது. அம்முகத்திலே பறையறைந்தவனும் கொழுந்து கொய்தவளும் காணப்படவில்லை. நாடகம வழியாகத் தன் ஆட்டத்தைப் பகிர்ந்துகொண்ட அயலவனும் காணப்படவில்லை. தன் ஒடுக்கப்பட்டோரை மறந்து தன்னை அறியும் சமுதாயம், தன்னை ஒடுக்குவோரையும் சரிவர அறியமாட்டாது. ஆதலின் பறைமேளக் கூத்தரின் தாளங்களும், தோட்டத்துக் காமன் கூத்துப் பாடல்களும், அண்ணாவிமாரின் கொப்பிகளும், கூத்துக்காகப் பல மாதம் உழைத்தும் களரியேறாத பெண்களின் வாய்மொழியும், அவை அழியுமுன் பதிவு செய்யப்படல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாக மேற்கொள்ளக்கூடிய பணி இதுவாகும்.