பிள்ளை பெற்றவளின் சோற்றுப் பானை



சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது வழக்கம். இன்று நாம் பார்க்கப்போகும் சரித்திரமோ ஒரு சோற்றுப் பானைக்குள் இருக்கிறது. பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு இருக்கும் தாய்க்கென்று, லயத்து வீட்டு அடுப்பில் தனியாக ஏற்றிவைத்த பானை அது.

நமது பைராம் தோட்டம் இருக்கும் நிபோங் திபால் வட்டாரம், 19ஆம் நூற்றாண்டில் கரும்புக்குப் பேர்போன பூமி. செபராங் பிறைக்கு அப்போது வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயர். ரப்பர் இங்கே பின்னால் வந்ததுதான். கரும்பு வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள் கையில் காசு கொண்டுவரவில்லை. சாப்பாட்டுப் பழக்கத்தை மட்டும் விடாமல் கொண்டுவந்தார்கள். புழுங்கல் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு இவையே அவர்கள் உணவு. பிள்ளை பெற்றவளுக்கு என்றால் மிளகும் பூண்டும் சுக்கும் தட்டிப்போட்ட மருந்துக் குழம்பு. பால் சுறா கிடைத்த நாளில் புட்டு. வேலியோரத்து முருங்கைக்கீரை. இத்தனைக்கும் அடியில் இருந்தது குழைய வடித்த புழுங்கல் அரிசிச் சோறு. பூண்டையும் சுக்கையும் மருந்து என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சோற்றை யாரும் மருந்தென்று நினைத்ததில்லை.

அதே காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் ஆட்டிப்படைத்துக் கொண்டிருந்தது. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி, நெஞ்சு அடைத்து, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்நோய்க்கு ஆயிரக்கணக்கில் பலியாயினர். காரணம் யாருக்கும் தெரியவில்லை. கிருமி என்றனர் சிலர். ஈரமான மண் என்றனர் சிலர். கட்டடத்தில் குற்றம் என்றுகூடச் சொன்னார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே ஊரில், ஒரே வெயிலிலும் மழையிலும் பாடுபட்டாலும், தமிழர்களுக்கு இந்நோய் வருவது மிக அரிதாயிருந்தது. தன் வயல் நெல்லை வீட்டிலேயே குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரருக்கும் அப்படியே. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்றவர்களைத்தான் அது பிடித்தது. 1907ஆம் ஆண்டில் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். நாள்பட்ட வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் எண்ணியது மட்டும் சரியாக அமையவில்லை. ஆனால் விரல் நீட்டிய இடம் சரியான இடமே.

1905ஆம் ஆண்டின் கடைசியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். சுமார் 120 பேருக்குச் சயாமின் வெள்ளை அரிசி. அதே அளவினர்க்கு இந்தியப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி தின்றவர்களில் பலருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசிப் பகுதியில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். கட்டடத்தின் மேல் பழி விழக்கூடாது என்று இரு பகுதியினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் அரிசியோடுதான் போயிற்று. வாய் பேச இயலாத மனிதர்களை வைத்து இப்படிச் சோதிப்பதற்கு இக்காலத்தில் எவரும் ஒப்பமாட்டார்கள்.

அடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். ஜெலுபு பக்கம் டூரியான் திப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே சோதனையை நடத்தி, 1909ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வெள்ளை அரிசியில் நஞ்சு ஏதுமில்லை; தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு நல்ல பொருள் போய்விடுகிறது என்று அவர்கள் காட்டினர். 1912இல் பங்க் என்ற அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயர் சூட்டினார். பெரிபெரியைத் தடுப்பது தயாமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்து. 1936இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், நம் பக்கத்து நெல்லூரில் பிறந்தவர் என்பது கேட்க இனிப்பான செய்தி.

சரி, புழுங்கல் அரிசியில் அது எப்படித் தங்கியது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு காயவைத்துக் குத்தினாலும் முழுவதும் போவதில்லை. நெல் அவித்த கிராமத்துப் பெண்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. குத்தும்போது அரிசி நொறுங்காமல் வரும், நாள்பட்டுக் கெடாமல் இருக்கும் என்பதற்காகவே அவர்கள் அவித்தார்கள்.

இதில் பிள்ளை பெற்றவளின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அதற்கு விடை மணிலாவிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும்போதே, இரண்டு மூன்று மாதத்தில் அழும் குரல் கம்மி, மூச்சுத் திணறித் திடீரென்று இறந்துகொண்டிருந்தன. தாய் தின்றது வெள்ளை அரிசி. அவள் பாலில் பி-1 சத்து இல்லை. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டர் முதலிய மருத்துவர்கள் அரிசித் தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி, சாகக் கிடந்த குழந்தைகளைப் பிழைக்க வைத்தனர். தாயின் தட்டில் இல்லாதது பிள்ளையின் வாய்க்கும் போகவில்லை. லயத்துத் தாயின் தட்டிலோ அது நாள்தோறும் இருந்தது.

இதனால் நம் லயங்களில் குழந்தைகள் சாகவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோன பிஞ்சுகள் ஏராளம். பத்தியம் எல்லாமே நன்மை என்றும் நான் சொல்லமாட்டேன். பிள்ளை பெற்றவள் தாகம் என்று கேட்டாலும் தண்ணீர் தர மறுப்பதும், பழம் காய்கறியை விலக்குவதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் கெடுதலே. பானையிலும் கவனிக்க ஒன்று உண்டு. அரிசியை ஐந்தாறு தண்ணீரில் அலசி, வடித்த கஞ்சியையும் சாக்கடையில் ஊற்றினால், பி-1 சத்தில் பெரும் பகுதி அதோடு போய்விடும். கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த பாட்டிமார் அதை வீணாக்கவில்லை.

பானையைக் காப்பாற்றிய நாம் பாலில்தான் வழுக்கினோம். பால்மரம் வெட்டும் தாய் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். குழந்தை ஆயாக் கொட்டகையில். நெஞ்சில் பால் கட்டி நோக, அங்கே குழந்தை பசித்து அழும். அந்த இடைவெளியில் நுழைந்தது டின் பால். சர்க்கரை மிகுந்த அந்தப் பாலை வெந்நீரில் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். கொழுப்பு நீக்கிய வகையாயிருந்தால் ஏ சத்தும் இல்லை. அதனால் கண் கெட்ட குழந்தைகளும் உண்டு. காசு குறையும்போது தண்ணீர் கூடியது. தாயைக் குற்றம் சொல்வது தவறு. அவளுக்கு வேண்டியிருந்தது புத்திமதி அன்று, சம்பளத்தோடு விடுப்பு. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 60 நாள் பிரசவ விடுப்பு தந்தது. அது 98 நாளாக உயர்ந்தது 2023இல்தான்.

டின் பாலை எதிர்த்து உரக்கப் பேசியவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் சத்துக்குறை நோயான குவாஷியோர்கரை மருத்துவ உலகுக்கு எடுத்துச்சொன்னவர். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். தாய்மாரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களால் குழந்தைகள் சாவதைக் கொலையாகவே கருதவேண்டும் என்றார். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விளம்பரத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுக்க 1981ஆம் ஆண்டு ஆயிற்று.

போர் வந்தபோது அவர் திரங்கானுவில் இருந்தார். சிங்கப்பூருக்குத் தப்பி வந்தும் ஜப்பானியரிடம் அகப்பட்டு, சாங்கிச் சிறையில் அடைபட்டார். அந்தப் பட்டினிச் சிறையில் 20 குழந்தைகள் பிறந்தன. டின் பாலுக்கு அங்கே வழியில்லை. இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. மருத்துவரையோ சிறைச் சாப்பாடு விடவில்லை. பெரிபெரி கண்டு, 1992இல் இறக்கும் வரையில் அவர் பாதங்கள் மரத்தே இருந்தன.