லண்டன் துறைமுகத்தில் பிறந்த கூரை

சென்னைப் பேசின் பிரிட்ஜில் ரயில் மெதுவாகும்போது புளியந்தோப்புப் பக்கம் பார்த்தால், மாடி வீடுகளுக்கு நடுவே வரிவரியாக நெளிந்த கூரைகள் தெரியும். சில துருவேறிய தகரம், சில கறுத்துப்போன சிமெண்ட் ஷீட், சில புத்தம்புது நீலக் கலர் ஷீட். பொருள் மூன்று, நெளிவு ஒன்றுதான். அந்த நெளிவுக்கு வயது ஏறத்தாழ இருநூறு. அது பிறந்தது ஒரு துறைமுகத்தில்.

லண்டன் துறைமுக நிறுவனத்தின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர், இரும்புத் தகட்டை அலையலையாக வளைத்துக் கட்டடத்துக்குப் பயன்படுத்த 1829-இல் காப்புரிமை பெற்றார். தாளை விசிறிபோல மடித்தால் விறைப்பாக நிற்கிறதல்லவா, அதே சங்கதி! மடிப்பு விழுந்த மெல்லிய தகடு நீண்ட இடைவெளியைத் தானே தாங்கிவிடும். கைமரம் குறையும், செலவும் குறையும். அவரிடம் வேலை பார்த்த ரிச்சர்ட் வாக்கர் அந்தக் காப்புரிமையையே வாங்கித் தொழிலாக்கினார். 1843-இல் அது காலாவதியானதுதான் தாமதம், பிரிட்டனில் ஆளாளுக்கு நெளிதகடு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

துருதான் தொல்லை கொடுத்தது. அதற்கு வழி பாரிஸிலிருந்து வந்தது. 1830-களின் பின்பாதியில் ஸ்டானிஸ்லாஸ் சோரல் என்பவர், உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நல்ல நேரம் பார்த்துக் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைத்தது. கூட்டம் குவிந்த ஊர்களில் தலைக்கு மேல் கூரையில்லை. முழு வீடுகளையே கழற்றி அடுக்கிக் கப்பலேற்றினார்கள் பிரிட்டிஷ் வணிகர்கள். அப்படிப் போன இரும்பு வீடுகள் சில மெல்போர்னில் இன்றும் நிற்கின்றன. இந்தியாவும் அந்தத் தகட்டுக்குப் பெரிய சந்தையாயிற்று.

ஓலைக்கும் கீற்றுக்கும் பழகிய நம் மக்கள் தகரத்தை நாடியதற்குத் தீயும் ஒரு காரணம். 1921-இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தை ஒட்டிய கலவரத்தில் புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்தன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக்கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டபோது, மாநிலம் முழுவதும் பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் இறங்கின.

இதற்கெல்லாம் முன்பே தகரத்துக்குப் போட்டியாக இன்னொன்று உருவாகியிருந்தது. ஆஸ்திரியாவில் லுட்விக் ஹாட்செக், அட்டை செய்யும் இயந்திரத்தில் சிமெண்டையும் கல்நாரையும் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்து ஓட்டி, தீப்பிடிக்காத தகடு செய்தார். 1901-இல் காப்புரிமை பெற்றார். முதலில் தட்டையாக இருந்த அது பிறகு நெளிவையும் வாங்கிக்கொண்டது. துருப்பிடிக்காது, விலையும் குறைவு. 1934-இல் மத்திய இந்தியாவின் கைமூரிலும், 1960-களில் நம் அரக்கோணத்திலும் ஆலைகள் எழுந்தன. வடசென்னை அதற்கு ‘ஆஸ்பெட்டாஸ்’ என்று பெயர் வைத்துக் குடியேற்றிக்கொண்டது.

கல்நார் புற்றுநோய் தரும் என்று தெரிந்தபின் கதை திரும்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-க்குள் தடை செய்தது. நமக்குக் கல்நாரை விற்றுவந்த கனடாவே 2018-இல் தடை போட்டது. இந்தியாவில் இன்னும் விற்பனைக்குத் தடையில்லை. இறக்குமதி செய்த நாரில் இங்கே ஷீட் தயாராகிறது.

மறுபக்கம், 1972-இல் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல், 55 சதவீதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியர்கள் உரிமம் வாங்கினார்கள்; 2005-இல் டாடாவுடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தார்கள். இன்றைய கலர் ஷீட்டுகள் பலவற்றில் வண்ணத்துக்கு அடியில் இருப்பது இந்தப் பூச்சுதான்.

உப்புக்காற்று வீசும் வடசென்னையில் வெறும் துத்தநாகம் சீக்கிரம் கரையும். ஆகவே கடையில் நிறத்தைவிடப் பூச்சைக் கேட்பது முக்கியம். ‘ஏஇசட் 150’ என்றால் சதுர மீட்டருக்கு இருபக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. வெயிலுக்கு வெளிர் நிறமும், அடியில் வெப்பத்தடுப்பும் வேண்டும். பழைய ஆஸ்பெட்டாஸை இறக்குவதானால் உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்கவேண்டும். நார்த்தூசு பறந்தால் அதைச் சுவாசிக்கப்போவது ஏணியில் நிற்கும் தொழிலாளியும் கீழே விளையாடும் குழந்தைகளும்தான். மலிவான கூரை என்று கணக்குப் போடும்போது அவர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.