காப்பி மணம் காத்த வரலாறு

காப்பிக்கொட்டைக்கு இருவகை வாழ்நாள் உண்டு. நன்கு உலர்ந்த பச்சைக்கொட்டை, ஈரம் படாத இடத்தில் ஓராண்டு கிடந்தாலும் தன் குணத்தைப் பெரும்பாலும் இழப்பதில்லை. வறுத்த கொட்டைக்கோ சில கிழமைகளே வாழ்வு. பொடித்த தூளுக்கு அதனினும் குறைவு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு மெய்ஞ்ஞானியர் இரவு வழிபாட்டிற்கென இப்பானத்தை அருந்தத் தொடங்கிய காலந்தொட்டு, வறுத்த கொட்டையின் மணத்தைக் காப்பது எவ்வாறு என்பது மனிதனுக்கு ஓயாத சிக்கலாகவே இருந்து வந்துள்ளது. ஜொகூரின் வடபகுதியில் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த லாபிஸ் வட்டாரத்தில் அச்சிக்கல் வேறொரு முகமும் காட்டிற்று. பொருளைக் கெடாமல் சேமித்து வைப்பதே ஐயத்துக்குரிய செயலாகக் கருதப்பட்ட ஒரு காலத்தை அவ்வட்டாரம் கண்டது.

வறுபடும்போது கொட்டை உப்பி, அதன் உள்ளே நுண்ணிய துளைகள் தோன்றுகின்றன. அத்துளைகளில் கரியமில வாயு நிறைந்து நிற்கும். வறுத்த நாள்முதல் அது சிறிது சிறிதாக வெளியேறுகிறது. அதனோடு மணப்பொருள்களும் போகின்றன. வெற்றிடத்தைக் காற்று நிரப்ப, அதிலுள்ள பிராணவாயு கொட்டையின் எண்ணெய்ப்பசையைத் தாக்கிக் காறலாக்குகிறது. வெப்பமும் ஒளியும் ஈரமும் இவ்வழிவை விரைவுபடுத்துவன. ஆண்டு முழுவதும் காற்று ஈரங்கசிந்து நிற்கும் தென் மலேசியாவில், மூடியைத் திறந்து வைத்த காப்பித்தூள் கட்டிபட்டுப் போவதை எல்லா வீட்டாரும் அறிவர்.

பழந்தமிழ்க் குடும்பங்கள் இதற்குக் கண்ட வழி எளியது: சேமிக்க வேண்டியது பச்சைக்கொட்டை, வறுப்பது வேண்டும்போது மட்டும். தமிழ்நாட்டில் காப்பி பரவிய நாளில் வசதியுள்ள வீடுகளில் கொட்டை வறுக்கும் இரும்பு உருளையும், கையால் சுழற்றி அரைக்கும் எந்திரமும் இருந்தன. காலையில் வறுத்து அரைத்ததைக் காலையிலேயே வடித்தனர். இன்றைய அறிவியல் கூறும் முறையும் ஏறக்குறைய இதுதான்.

காப்பியை நட்டு வளர்த்த தமிழ்த் தொழிலாளரின் கதை வேறு. இலங்கை மலைநாட்டில் 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அங்கிருந்த காப்பித் தோட்டங்களைச் சிதைத்தது. அதன்பின் துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி பயிரிட்டனர். நோயைத் தாங்கும் என நம்பப்பட்ட லைபீரிகா இனமே இங்கு மிகுதியும் நடப்பட்டது. காடழித்தலிலும் கொட்டை பறித்தலிலும் தமிழர் கைகள் உழைத்தன. பிரேசிலில் விளைச்சல் பெருகவே 1890-களின் பிற்பகுதியில் விலை வீழ்ந்தது. இலைகளைத் தின்னும் புழுக்களும் தொல்லை தந்தன. இரப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் லைபீரிகா ஜொகூரைவிட்டு முற்றும் அகலவில்லை. சிறு விவசாயிகளின் நிலங்களில் அது இன்றும் நிற்கிறது.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் இருப்புப்பாதை 1909-இல் திறக்கப்பட்டது. லாபிஸ் அப்பாதையின் மேல் அமைந்த நிலையம். இரப்பர்த் தோட்டங்கள் அவ்வழி நெடுகப் பெருகின. காப்பி தோட்டப்பயிர் என்ற நிலை மாறித் தோட்டத்தார் குடிக்கும் பானமாகிவிட்டது. 'கோப்பி' எனவே அவர்கள் அதை வழங்கினர். (மலாய்மொழியின் 'கோப்பி'யும் இலங்கைத் தமிழரின் 'கோப்பி'யும் ஒலியால் ஒன்றாயிருப்பது மொழியாசிரியர் ஆராய்தற்குரியது.) விடியுமுன் பிரட்டுக்களத்திற்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கொட்டை வறுக்கவும் அரைக்கவும் பொழுதேது? கடையில் வாங்கிய கரிய தூளே அவனது காலைக் கோப்பி ஆயிற்று.

அத்தூள் செய்யப்படும் முறை கவனிக்கத்தக்கது. கொட்டையை நன்கு கறுக்க வறுத்து, முடிவில் சீனியும் மார்ஜரினும் சேர்ப்பர். சீனி உருகிக் கருகிப் பாகாகிக் கொட்டைகளைப் போர்த்துக்கொள்ளும். அதனைத் தட்டில் கொட்டி ஆறவிட்டால் பாறைபோல் இறுகும். உடைத்துத்தான் அரைக்க வேண்டும். இதனைக் கலப்படம் என்று இகழ்வோர் உளர். சீனி காப்பியினும் மலிவு, எடையைக் கூட்டுவது என்பதால் அவ்வையத்திற்கு இடமில்லாமலும் இல்லை. எனினும் வரலாற்றை நோக்கின் இப்போர்வைக்கு வேறொரு மரபும் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர வணிகர் ஜான் ஆர்பக்கிள், வறுத்த கொட்டையின் மேல் முட்டையும் சீனியும் பூசித் துளைகளை அடைக்கும் முறைக்கு 1868-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை பச்சைக்கொட்டை வாங்கித் தாமே வறுத்து வந்த மக்கள், வறுத்த கொட்டையைப் பொட்டலமாக வாங்கத் துணிந்தது இத்தகைய முயற்சிகளின் பின்னரே. ஸ்பெயின் நாட்டிலும் சீனியிட்டு வறுக்கும் வழக்கம் உண்டு. ஆகவே சீனிப்போர்வையை வெறும் ஏமாற்று என ஒதுக்குதல் முறையன்று. காற்றுக்கு அது ஓரளவு தடையே. ஆனால் கொட்டை முழுதாயிருக்கும் வரைதான் அக்காப்பு; அரைத்துவிட்டால் போர்வையும் கிழிந்தது. கருகிய சீனி ஈரத்தை ஈர்ப்பதும் ஆகும். தூளாகவே வாங்கிய தோட்டத்து மக்களுக்கு இக்காப்பின் பயன் வறுத்த கடையோடு நின்றுவிட்டது எனலாம்.

எனவே வீட்டில் காத்தது தகரடப்பா. மாவுப்பால் டின்னும் பிசுக்கோத்து டின்னும் காலியானபின் எறியப்படுவதில்லை. இறுக மூடும் மூடி அவற்றுக்கு உண்டு. மேல்நாட்டு ஆலைகள் பெரும் பொருட்செலவில் தேடியதும் இந்த மூடியைத்தான். சான்பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் சகோதரர்கள் 1900-இல் காற்றை நீக்கிய டின்களில் காப்பியை அடைத்தனர். அதிலும் ஒரு குறை இருந்தது. புதிதாக வறுத்ததை உடனே அடைத்தால் உள்ளிருந்து எழும் வாயு கலத்தை உப்பச் செய்யும். வாயு வெளியேறக் காத்திருந்தாலோ மணமும் உடன் போகும். உள்வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத ஒருவழி அடைப்பான் பொருந்திய பைகள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்து பரவிய பின்னரே இம்முடிச்சு அவிழ்ந்தது.

லாபிஸ் வட்டாரம் கண்ட வேறொரு முகம் யாதெனில், அங்கு ஒரு காலத்தில் டின்கள் ஓட்டையிடப்பட்டன என்பதே. மலாயாவில் 1948 ஜூன் திங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காடுசூழ்ந்த லாபிஸ், சிகாமட் பகுதிகள் போராளிகளின் நடமாட்டம் மிகுந்தவை. 1950 முதல் சிதறி வாழ்ந்த மக்கள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் ஒருங்கே திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டினுள் உணவு செல்லாதிருக்க அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. உணவுத்தடை கடுமையான இடங்களில், டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதனைத் துளையிட்டுக் கொடுத்தல் வேண்டும். துளைத்த டின்னைப் புதைத்து வைக்க இயலாது. வாங்கியவர் விரைந்து தின்று முடிக்க வேண்டும். பால்வெட்டுக்குச் செல்வோர் சோறு கட்டிக்கொண்டு போதலும் தடுக்கப்பட்டது.

கெடாதிருத்தல் பொருளின் சிறப்பு என்பதே உலகெங்கும் வணிகர் கொண்ட முடிவு. விரைந்து கெடுதலே பாதுகாப்பு என்பது அன்றைய ஆட்சியாளர் கணக்கு. ஆலைகள் ஐம்பது ஆண்டுகளாக எந்தக் காற்றை வெளியேற்றப் பாடுபட்டனவோ, அதே காற்றை ஓர் ஆணி உள்ளே விட்டது. காப்பிக்குச் சேரும் கட்டிப்பாலும் டின்னில் வருவதே. ஈ மொய்க்கும் வெப்பநாட்டில் துளைத்த பால் டின்னை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய தாய்மார்களின் தொல்லை, படைநடவடிக்கைகளை விரித்துரைக்கும் நூல்களில் இடம்பெறுவது அரிது. சாமம் வைக்காமல் சேர்த்து வைப்பதே இல்லறத்தாளின் திறம் எனப் போற்றிவந்த மக்களுக்கு, மீதம் வைத்தல் குற்றத்தின் அடையாளமாகக் காட்டப்பட்டது.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிவுற்றது. கட்டிப்பால் டின்னைத் துளைக்கும் ஆணி மட்டும் காப்பிக்கடைகளில் நிலைத்தது, பாலை ஊற்றுவதற்காக. காலியான டின்னின் வாயில் கயிறு கோத்து, அதில் சுடச்சுடக் கோப்பியை வாங்கிச் செல்லும் வழக்கமும் நெகிழிப்பைகள் வரும்வரை மலேசிய ஊர்களில் நிலவியது.